கல்குடாவுக்கு வெளியே பாரில் விழுந்த நங்கூரம்: இடத்தைச் சொல்றதா, விடுறதா?

கல்குடாப்_பொடியன் | சனி, இரவு 8.10

ஆக்களே, ஒரு விசயம் கேக்கணும். போன கிழமை ஒரு பெரிய சரக்குக் கப்பல் எங்கட மட்டக்களப்புக் கடல்ல பாருக்கு, அதான் கடலடி முருகைக்கல் திட்டுக்கு, பக்கத்தில ரெண்டு பகல், ரெண்டு இரவு நங்கூரம் போட்டு நிண்டிச்சு. எஞ்சின் பழுதோ என்னவோ, தெரியாது. கரையில நிண்டு பாத்தா இரவில ஊர்த் திருவிழா மாதிரி வெளிச்சம். சின்னப் புள்ளைகள் எல்லாம் பாக்க வந்திச்சுகள்.

மூணாம் நாள் போயிட்டு. நேத்து ரெண்டு வெளிநாட்டு ஆக்களைச் சுழியோடக் கூட்டிப் போனன். பதினாலு பாகம் ஆழம். கீழ இறங்கினதும் இடம் மாறி வந்திட்டனோ என்டு நினைச்சன். மேசை மாதிரி விரிஞ்சு நிண்ட கல்லு ஒண்டு குப்புறக் கிடக்கு. பக்கத்தில என்ட உயரத்துக்கு ஒரு உருண்டைக் கல்லு, பதினைஞ்சு வருசமா நான் அடையாளம் வைச்ச கல்லு, அதின்ட தலையைச் சீவின மாதிரி வெட்டு. உள்ளுக்க பால் வெள்ளை. அந்த வெள்ளையில துருக்கறை. கையால தொட்டா வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்பு மாதிரி விரல்ல ஒட்டுது. கிளிமீன் நாலஞ்சு வந்து வெட்டு வாயைக் கொறிச்சுக் கொண்டு நிக்குது, கலியாண வீட்டுச் சாப்பாடு மாதிரி.

வந்த வெள்ளைக்காரி மேல வந்து ஒண்ணும் கதைக்கல்ல. காசை மட்டும் குடுத்திட்டுப் போயிட்டா.

இது நங்கூரத்தால வந்ததா? ஆரிட்டச் சொல்றது?

பூச்சியம் | சனி, இரவு 8.31

98ல கடல் சூடேறி வெளுத்துச் செத்த கல்லுதானே அதெல்லாம். செத்த கல்லில நங்கூரம் விழுந்தா என்ன, விழாட்டி என்ன.

கல்குடாப்_பொடியன் | சனி, இரவு 8.35

நீங்க கடைசியாக் கண்ணாடி போட்டுக் கடலுக்க தலையை விட்டது எப்ப தம்பி?

சங்கிலிக்காரன் | சனி, இரவு 10.02

நான் இருபத்தாறு வருசம் கப்பல்ல. கடைசி ஒம்பது வருசம் போசன், மேல்தட்டு மாலுமிகளுக்குத் தலைவன். நங்கூரம் விடுறதும் எடுக்கிறதும்தான் என்ட வேலை. இப்ப கல்லாறில கோழி வளக்கிறன். கேட்டதால சொல்றன், கொஞ்சம் நீளும்.

நங்கூரம் மண்ணுக்க குத்தி நிண்டு கப்பலைப் பிடிக்குது என்டுதான் எல்லாரும் நினைக்கிறது. பாதிதான் சரி. கப்பலைப் பிடிக்கிறதில சங்கிலிக்கும் பெரிய பங்கு இருக்கு. அது கடலடியில படுத்துக் கிடக்கிற பாரம்தான் நங்கூரத்தை நிமிரவிடாமப் பிடிக்கும். அதால ஆழத்தின்ட அளவுக்கு மட்டும் சங்கிலி விடுறதில்ல. அஞ்சு மடங்கு, காத்து இருந்தா ஆறு, ஏழு மடங்கு. சங்கிலியை ஷேக்கிள் கணக்கில எண்ணுவம், ஒரு ஷேக்கிள் 27.5 மீட்டர். நீங்க சொல்ற பதினாலு பாகம் 25 மீட்டர் சொச்சம். அதுக்கு எப்பிடியும் அஞ்சு ஷேக்கிள் விட்டிருப்பானுகள், 137 மீட்டர்.

நடுத்தரச் சரக்குக் கப்பல் ஒண்டின்ட நங்கூரம் எட்டு ஒம்பது டன் வரும். சங்கிலி மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல. அஞ்சு ஷேக்கிள் என்டா பதினைஞ்சு டன் இரும்பு கீழ கிடக்கு. கிடந்த இடத்திலயே கிடந்தாப் பரவாயில்ல. கப்பல் காத்துக்கும் நீரோட்டத்துக்கும் திரும்பும். திரும்பக்க சங்கிலியையும் இழுத்துக்கொண்டு திரும்பும், விளக்குமாறால முத்தம் கூட்டுற மாதிரி. இப்ப கச்சான் காலம். விடியப்புறம் காத்து கரையில இருந்து கடலுக்கு, பின்னேரம் கடல்ல இருந்து கரைக்கு. ஒரு நாளைக்கு ரெண்டு தரம் கூட்டியிருக்கும். ரெண்டு நாள் நிண்டா நீங்களே கணக்குப் பாருங்க.

முழு வட்டமும் சுத்தினா 110 மீட்டர் ஆரை என்டு வைச்சாலும் முப்பத்தெட்டாயிரம் சதுர மீட்டர். ஒம்பது ஏக்கர் வயல். முழுக்கச் சுத்தாது, பாதி என்டு வையுங்க.

இனி நீங்க பாக்க வேண்டியது இதுதான். நங்கூரம் விழுந்த இடத்தில ஒரு குழி இருக்கும், அதில இருந்து இழுபட்ட சால் ஒண்டு. சங்கிலி வேலை பாத்த இடம் விசிறி மாதிரி வளைஞ்சு இருக்கும். உயரமான கல்லுகள்ல ஒரே மட்டத்தில வெட்டு இருந்தா அது சங்கிலிதான். அலை தூக்கக்க சங்கிலி எழும்பி எழும்பி அடிக்கும், அப்ப கல்லின்ட தலை பறக்கும்.

இன்னொண்டு. எந்தக் கப்டனும் கல்லில நங்கூரம் போட ஆசைப்படுறதில்ல. கல்லில சிக்கினா நங்கூரத்தையே விட்டிட்டுப் போகவேண்டி வரும். மண்ணும் சேறும்தான் எங்களுக்கு வேணும். அவன் போட்டிருக்கான் என்டா அவன்ட வரைபடத்தில அந்த இடத்தில கல்லு இல்ல.

வாகரை_மகள் | ஞாயிறு, காலை 6.20

அப்பாவுக்கு மேல உள்ளது எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினன். அவர் சொல்லச் சொல்ல எழுதுறன்.

"வரைபடத்தில இல்லாட்டி என்ன, எங்கட தலைக்க இருக்கு. குடும்பிமலையின்ட கொண்டையைக் கரையில உள்ள ஒரு அடையாளத்தோட நேர் பிடிச்சு, மறுகா வடக்கால இன்னொண்டை நேர் பிடிச்சா ரெண்டு கோடும் வெட்டுற இடத்தில பார் இருக்கும். என்ட அப்பன் காட்டினது. அவருக்கு அவர்ட அப்பன். விளைமீனும் கலவாயும் அங்கதான். கப்பல் நிண்ட இடம் அதுக்கு மேலதான், நான் தோணியில இருந்து கண்டனான். அடுத்த நாள் தூண்டில் போட்டன், ஒரு மீனும் தொடல்ல. தூண்டில் ஈயம் கீழ தட்டுற சத்தமே மாறிப்போச்சு. முந்தி டொக் என்டு தட்டும். இப்ப கூழாங்கல்லுக்க விழுற மாதிரி."

அந்த ரெண்டு அடையாளமும் என்னென்ன என்டு என்னை எழுத விடல்ல.

மணல்மேடு | ஞாயிறு, காலை 9.15

"ஈயம் தட்டுற சத்தம் மாறிப்போச்சு" என்டு ஐயா சொன்னதில முழுப் பாடமும் இருக்கு. பூச்சியத்துக்குச் சேத்தே பதில் சொல்றன். உயிரியல் டீச்சர்மாருக்கு இந்த வியாதி உண்டு, பொறுத்துக்கொள்ளுங்க.

1998ல எல்நினோ வந்து வெளுத்தது உண்மை. பாசிக்குடாவின்ட ஆழமில்லாத கல்லுகள்ல பெரும்பகுதி செத்தது. 2016ல திரும்பவும் வெளுத்தது. ஆனா வெளுத்துச் செத்த முருகைக்கல் உடனே விழாது. ஆளில்லாத வீடு மாதிரி சுவர் நிக்கும். அந்தச் சுவரில புதுக் குஞ்சு முருகை வந்து ஒட்டும், மீன் ஒளிக்கும். 98க்குப் பிறகு திரும்பி வளந்ததெல்லாம் அப்பிடி ஒட்டினதுதான்.

சங்கிலி செய்யிறது வேற. அது சுவரையே நொறுக்கிப் போடும். நொறுங்கின துண்டு ஒவ்வொரு அலைக்கும் உருளும். உருளுற கல்லில எந்தக் குஞ்சும் ஒட்டிப் பிழைக்காது. ஐயாட ஈயம் கூழாங்கல்லுக்க விழுந்த சத்தம் அதுதான்.

பொடியன் சொன்ன உருண்டைக் கல்லு பெரும்பாலும் போரைட்டிஸ் என்ட முருகை வகை. அது வருசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவிலதான் வளரும். ஆள் உயரம் என்டா நூத்தைம்பது வருசம் வரும். வெள்ளைக்காரன் பாலமீன்மடு வெளிச்சவீட்டை 1913ல கட்டக்க அந்தக் கல்லுக்கு நாப்பது வயசு.

கேமன் தீவில ஒரு உல்லாசக் கப்பல் ஒரே ஒரு நாள் நங்கூரம் போட்டு நிண்டதுக்கு 3150 சதுர மீட்டர் முருகைக்கல் அழிஞ்சதை அளந்து 1988ல எழுதியிருக்காங்க. திரும்பி வர அம்பது வருசத்துக்கு மேல எடுக்கும் என்டும் அதில இருக்கு. ஒரு நாள்தான் நிண்டது.

ஒலுவில்_காக்கா | ஞாயிறு, பகல் 12.40

உங்களுக்குக் கப்பல் வந்து பிரச்சினை. எங்களுக்குக் கப்பல் வராமப் பிரச்சினை 😀

2013ல எங்கட ஒலுவில்ல துறைமுகம் திறந்தாங்க. கப்பல் வரும், பொடியன்மாருக்கு வேலை வரும் என்டாங்க. மண்தான் வந்து வாயை அடைச்சிச்சு. வடக்கால கரை கடலுக்க போய், தென்னந்தோப்பு இரிந்த இடத்தில இப்ப அலை அடிக்கி. மூத்தாப்பாட காணியை அளக்கிற என்டா இனிப் படகிலதான் போகணும்.

ஆனா சும்மா சொல்லல்ல. 2020 செப்டெம்பர் 3, சங்கமன்கண்டிக்கு நேரே நடுக்கடல்ல நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல் எரிஞ்சது ஞாபகம் இரிக்கா? ரெண்டே முக்கால் லட்சம் டன்னுக்குக் கிட்ட மசகெண்ணெய் வயித்தில. ஒரு மாலுமி மௌத்து. அண்டைக்கு அந்த எண்ணெய்த் தாங்கி பிளந்திருந்தா நாங்க இண்டைக்கு நங்கூரத்தைப் பத்திக் கதைக்கத் தேவையில்ல, கல்லும் இல்ல மீனும் இல்ல. பெரிய கப்பல் தூரத்தால போகுது, நமக்கென்ன என்டு இரிந்த ஆக்கள் நாங்க. அண்டைக்குத்தான் வாப்பா வாசல்ல குந்திக்கொண்டு, "நம்மட கடல்ல ஆர் போறான் வாறான் என்டு நமக்கே தெரியாது" என்டு சொன்னார்.

பூச்சியம் | ஞாயிறு, பகல் 1.05

சரி டீச்சர், பின்வாங்குறன். சுவர் கதை விளங்கிச்சு.

ஆனா ஒண்டு கேக்கன். கப்பல் நிண்டதுக்கு என்ன ஆதாரம்? அவன் இல்லை என்டுவான்.

சங்கிலிக்காரன் | ஞாயிறு, பகல் 1.30

இல்லை என்ன ஏலாது. சர்வதேசப் பயணம் போற 300 டன்னுக்கு மேலான கப்பல் எல்லாத்திலயும் ஏஐஎஸ் கருவி இருக்கணும். எங்க நிக்கிறன், நங்கூரத்தில நிக்கிறனா ஓடுறனா என்டு அது சொல்லிக்கொண்டே இருக்கும். ஆராவது கைபேசியில அந்த ரெண்டு நாளும் படம் எடுத்து வைச்சிருந்தா நல்லது.

திண்ணைக்காவல் (மட்டுறுத்துநர்) | ஞாயிறு, பகல் 1.48

கப்பல்ட பேர், கம்பனிப் பேர் தெரிஞ்சாலும் இஞ்ச போடாதீங்க. முறைப்பாட்டில எழுதுங்க. ரெண்டு பதிவை நீக்கியிருக்கன்.

சட்டப்புத்தகம் | ஞாயிறு, பின்னேரம் 4.22

மூணாம் வருசம் படிக்கிறன், அதால கொஞ்சம் அடக்கமாச் சொல்றன்.

கரையில இருந்து 12 கடல் மைல் எங்கட ஆட்புலக் கடல். அதுக்குள்ளால வெளிநாட்டுக் கப்பலுக்குத் தீங்கில்லாமக் கடந்து போற உரிமை இருக்கு. கடந்து போறது என்டா நிக்காமப் போறது. 1982ம் ஆண்டு கடல் சட்ட உடன்படிக்கையின்ட 18ம் உறுப்புரை, வழமையான பயணத்தோட சேந்ததா இருந்தாலோ, ஆபத்தோ பழுதோ வந்தாலோ, ஆபத்தில இருக்கிற ஆக்களுக்கு உதவப் போனாலோ மட்டும் நிக்கலாம், நங்கூரம் போடலாம் என்டு சொல்லுது. எஞ்சின் பழுது என்டு அவன் நிறுவினா நிண்டதில பிழை பிடிக்க ஏலாது.

உள்நாட்டில முருகைக்கல் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ வருது, அது வனசீவராசிகள் திணைக்களம். கடல் மாசு என்டா 2008ம் ஆண்டு 35ம் இலக்கச் சட்டம், அது கடல் சுற்றாடல் பாதுகாப்பு அதிகார சபை. நங்கூரம் கல்லை உடைச்சா அது "மாசு"க்குள்ள வருமா என்டு ஒரு விரிவுரையாளரிட்டக் கேட்டன். சிரிச்சிட்டு, "நீ வழக்குப் போடு, நான் வந்து பாக்கிறன்" என்டார்.

காயங்கேணிக் கடல் 2019ல சரணாலயமா வந்திட்டு. கப்பல் நிண்ட இடம் அதுக்குள்ளயா வெளியவா?

கல்குடாப்_பொடியன் | ஞாயிறு, பின்னேரம் 4.40

வெளிய. அதுதான் வயித்தெரிச்சல்.

சங்கிலிக்காரன் | ஞாயிறு, இரவு 9.10

தண்டம் அறவிடுறது பிறகு பாப்பம். அடுத்த கப்பல் வாறத்துக்கு முதல் செய்யக்கூடியது ஒண்டு இருக்கு.

மெக்சிகோ வளைகுடாவில, டெக்சாஸ் கரையில இருந்து நூறு மைல் அளவில, பிளவர் கார்டன் என்டு முருகைத் திட்டு இருக்கு. ஒரு காலத்தில பெரிய பெரிய கப்பலெல்லாம் ஆழம் குறைஞ்ச இடம் என்டு அதில நங்கூரம் போட்டதுகள். 2001ல சர்வதேசக் கடல்சார் அமைப்பு அதை நங்கூரம் போடக்கூடாத இடமாக்கிச்சு. நான் அந்தப் பக்கம் போற காலத்தில கப்டன்ட வரைபடத்தில செங்கருநீல மையில நங்கூரப் படம், அதுக்குக் குறுக்கால கோடு. அந்தக் கோட்டைக் கண்டா எந்தக் கப்டனும் கிட்டப் போகான். பயம் காரணம் இல்ல. போட்டா பதிவில விழும், பிறகு வேலைக்கு ஆபத்து.

கோடு கீற முதல் ஆராவது இடத்தைச் சொல்லணும். எங்கட பாருகளை எந்த வரைபடக்காரனும் அளக்கல்ல. அளந்தாலும் அங்கொண்டு இஞ்சொண்டு. "இந்தா கல்லு" என்டு எழுதிக் குடுக்கக்கூடியவர் வாகரை ஐயா மாதிரி ஆக்கள்தான்.

வாகரை_மகள் | திங்கள், காலை 6.05

அப்பா கோவத்தில இருக்கார். அவர் சொன்னது அப்பிடியே:

"எழுதிக் குடுத்தா மறுகா என்ன நடக்கும் என்டு போசன் தம்பிக்குத் தெரியாது. பேப்பரில வந்த இடத்துக்கு முதல் வாறவன் டைனமைட்காரன். அடுத்தது சுருக்குவலைக்காரன். அதுக்கு அடுத்தது, கண்ணாடித் தொட்டிக்கு மீன் பிடிக்கிறவன், கல்லைப் புரட்டிப் புரட்டிப் பிடிப்பான். முப்பது வருசத்துக்கு முந்தி ஒரு பாரை நான் ஒருத்தனுக்குச் சொன்னன். சொந்தக்காரன். ரெண்டு வருசத்தில சிங்க இறால் ஒண்டும் இல்லாமப் போயிட்டு. கப்பல் பத்து வருசத்துக்கு ஒருக்கா வரும். அவனுகள் ஒவ்வொரு நாளும் வருவானுகள்."

நான் எதிர்த்துக் கதைச்சன். தேத்தண்ணியைக் குடிக்காம எழும்பிப் போயிட்டார்.

மணல்மேடு | திங்கள், காலை 7.30

ஐயா சொல்றதில பிழை பிடிக்க என்னால ஏலாது. சொன்னா பார் போகும், சொல்லாட்டி நங்கூரம் விழும்.

ஒலுவில்_காக்கா | திங்கள், காலை 8.02

எங்கட வாப்பாவும் இதைத்தான் சொல்லுவார். மீன் பிடிக்கிற இடமும் பொண்டாட்டிட நகை வைச்ச இடமும் வெளிய சொல்லக்கூடாதாம்.

கல்குடாப்_பொடியன் | செவ்வாய், இரவு 7.55

இண்டைக்குத் திரும்ப இறங்கினன். அளக்கிற நாடா, சிலேட்டு, கமரா. கூட ஒரு பொடியன்.

போசன் அண்ணன் சொன்ன மாதிரியே இருக்கு. மண்ணில ஒரு குழி, அதில இருந்து 11 மீட்டர் சால். நங்கூரம் மண்ணிலதான் விழுந்திருக்கு, அந்தக் கப்டனைக் குறை சொல்ல ஏலாது. ஆனா சங்கிலி மேற்கால கல்லுக்க போய் விசிறி மாதிரி வளைஞ்சிருக்கு. விசிறியின்ட ஒரு கரையில இருந்து மறுகரைக்கு 64 மீட்டர் வரைக்கும் அளந்தன், காத்து முடிஞ்சு மேல வந்திட்டன். உருண்டைக் கல்லுகள் ஏழில ஒரே மட்டத்தில வெட்டு.

இன்னொண்டும் கண்டன். எழுதாம விடலாம் என்டுதான் வழியெல்லாம் யோசிச்சன். விசிறிக்கு வெளிய, கப்பல் சங்கிலி தொடவே ஏலாத பக்கம், சின்னச் சின்னக் கீறல். நேர் கீறல். பழசும் இருக்கு, புதுசும் இருக்கு. கவர்க்கல்லு முறிஞ்சு கிடக்கு. ஒரு கல்லின்ட கவட்டுக்க கம்பி வளைச்சுச் செய்த நங்கூரம் ஒண்டு சிக்கி, அதில ஒரு முழம் பச்சைக் கயிறு. எங்கட போட்டிலயும் பச்சைக் கயிறுதான். ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு நங்கூரத்தை வெட்டி விட்டிட்டு வந்த ஞாபகம் இருக்கு.

பூச்சியம் | செவ்வாய், இரவு 8.03

ஆகா.

சங்கிலிக்காரன் | செவ்வாய், இரவு 8.40

எழுதினது நல்லது தம்பி. அதையும் சேத்தே முறைப்பாட்டில போடுங்க. ஒளிச்சா நாளைக்கு அவன்ட வக்கீல் அதைத்தான் முதல் படமாக் காட்டுவான்.

ஐயாவுக்கு ஒரு சேதி. இரவு முழுக்க யோசிச்சன். பாரைச் சொல்லத் தேவையில்ல. கப்பலுக்குப் புள்ளி வேணாம், பெட்டி போதும். வடக்க ஒரு எல்லை, தெற்க ஒரு எல்லை, கடல் பக்கம் இவ்வளவு ஆழம் வரைக்கும் என்டு பெரிய பெட்டியாக் கீறுவம். அதுக்க மண்ணும் இருக்கும் கல்லும் இருக்கும். எது எங்க என்டு பெட்டிக்குத் தெரியாது. டைனமைட்காரன் பெட்டியைப் பாத்து ஒரு மசிரும் கண்டுபிடிக்க ஏலாது. (மட்டுறுத்துநர் மன்னிக்கணும்.)

சட்டப்புத்தகம் | செவ்வாய், இரவு 9.12

பெட்டி என்டா எனக்கும் வேலை சுகம். பொடியன்ட படம், அளவு, ஏஐஎஸ் படம் (மூணு பேர் தனிச்செய்தியில அனுப்பியிருக்காங்க), பெட்டியின்ட நாலு மூலை. மீனவர் சங்கக் கையொப்பத்தோட வனசீவராசிகளுக்கும் கடல் சுற்றாடல் அதிகார சபைக்கும் கடற்படையின்ட நீரியல் வரைபடப் பிரிவுக்கும் ஒரே கடிதம். வெள்ளிக்கிழமைக்குள்ள வரைவு போடுறன்.

வாகரை_மகள் | புதன், இரவு 8.30

பெட்டிக் கதையை வாசிச்சன். அப்பா கனநேரம் கதைக்கல்ல. பிறகு போன மாசக் கலண்டர்த் தாளைக் கிழிச்சு, பின்பக்கத்தில தம்பிட கலர்ப் பென்சிலால கீறினார். கரை, ஆத்துவாய், குடும்பிமலை. பெட்டி கீறக்க ஒரு பக்கத்தை ரெண்டு தரம் அழிச்சு அழிச்சு வெளிய தள்ளினார். ஏன் என்டு கேட்டன். "அங்கால இன்னொண்டு இருக்கு" என்டு மட்டும் சொன்னார்.

படத்தைச் சட்டப்புத்தகத்துக்குத் தனியா அனுப்புறன், இஞ்ச போடல்ல.

போசன் மாமாட்ட ஒரு கேள்வி கேக்கச் சொன்னார்: "பெட்டிக்க எங்கட தோணி நங்கூரம் போடலாமா, கூடாதா?"

சங்கிலிக்காரன் | புதன், இரவு 8.52

சட்டப்படி பெரிய கப்பலுக்கு மட்டும் என்டு எழுதலாம்.

வாகரை_மகள் | புதன், இரவு 9.01

அதைச் சொன்னன். "சட்டத்தைக் கேக்கல்ல" என்டார்.

கல்குடாப்_பொடியன் | புதன், இரவு 9.20

ஐயாட்டச் சொல்லு தங்கச்சி, ஞாயித்துக்கிழமை நான் இறங்கி என்ட நங்கூரத்தை எடுக்கப் போறன். அந்தப் பச்சைக் கயிறு. அவருக்கு நேரம் இருந்தா தோணியோட வரட்டும், மிதவை கட்டுறதுக்கு மண் எந்தப் பக்கம் என்டு காட்டினாப் போதும். கல்லைக் காட்டத் தேவையில்ல.